அலமாரிக்குள் ஒரு தே பெங்

உட்லண்ட்ஸ் வாசகர் ஒருவரின் கேள்வி இது: கல்யாணத்துக்குக் கட்டிய காஞ்சிப் பட்டை, காற்றை உறிஞ்சி அடைக்கும் பிளாஸ்டிக் பையில் போட்டு வைக்கலாமா? அல்லது பாட்டி சொல்வதுபோல அந்துருண்டை போட்டு, அவ்வப்போது காலையில் உதறி ஆறப்போட்டால் போதுமா? இரண்டும் வேண்டாம் என்பேன். பாட்டியின் யோசனை காஞ்சிபுரத்துக்குப் பொருந்தும். அங்கே சித்திரை வெக்கையில் அலமாரி தானே காய்ந்துவிடும். சிங்கப்பூரில் காற்றின் சராசரி ஈரப்பதமே 80 சதவீதத்தைத் தாண்டுகிறது. இங்கே பட்டின் முதல் எதிரி பூச்சியல்ல, தண்ணீர். உலர்ந்தது என்று நாம் நம்பும் பட்டிலும் எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு தண்ணீர்தான். 600 கிராம் பட்டில் 60 கிராம். காற்று ஈரமானால் இன்னும் குடிக்கும். மழைநாளில் மூடிய பை அந்தத் தண்ணீரையும் சேர்த்தே பூட்டிவிடும். ‘ஈரம் உள்ளே புகாது’ என்கிற விளம்பரம், உள்ளே இருப்பது வெளியே போகாது என்பதைச் சொல்வதில்லை.

இந்த ஊர்க் காற்றில் ஒரு வேடிக்கை உண்டு. விடியற்காலையில் ஈரப்பதம் 90 சதவீதத்துக்கு மேல். மழையில்லாத பிற்பகலில் 60 வரை இறங்கும். ஆனால் காற்றிலுள்ள தண்ணீர் அவ்வளவாகக் குறைவதே இல்லை. இரண்டு வேளையிலும் ஒரு கன மீட்டருக்கு 20 கிராம் அளவில் இருக்கும். மாறுவது வெப்பம் மட்டுமே. இந்தக் காற்று சுமார் 24 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எதைத் தொட்டாலும் அதன்மேல் நீராகப் படியும். காப்பிக் கடை மேசையில் தே பெங் (ஐஸ் போட்ட பால் தேநீர்) கோப்பை வியர்ப்பது இதனால்தான். படுக்கையறையில் இரவு முழுக்க ஏ.சி. 22 டிகிரியில் ஓடுகிறது. அலமாரியும் புடவையும் மெல்லக் குளிர்கின்றன. காலையில் ஏ.சி.யை அணைத்து, ஜன்னலைத் திறந்து, புடவையையும் வெளியே எடுத்தால், அது அந்தக் கோப்பையேதான். ஒரு வித்தியாசம்: கண்ணாடியில் வியர்வை வெளியே வழியும், பட்டு அதைக் குடித்துவிடும். கோப்பையில் ஐஸ் கரைந்தால் கதை முடிந்தது. அலமாரிக்கோ ஒவ்வோர் இரவும் புது ஐஸ் வருகிறது. ஈரம் நீடித்தால் பூஞ்சணம் பிடிக்கும், சரிகையின் வெள்ளியும் விரைவில் கறுக்கும்.

அப்படியானால் ஈரம் உறிஞ்சும் டப்பா வைக்கலாமே என்பார்கள். அதிலிருப்பது கால்சியம் குளோரைடு, நன்றாகவே உறிஞ்சும். ஆனால் கதவு சரியாகப் பொருந்தாத அலமாரியில் அது உட்லண்ட்ஸ் முழுவதையும் உலர்த்தப் பார்க்கிறது. சேரும் உப்புநீர் கவிழ்ந்தால் சரிகை போச்சு. அந்துருண்டை? 19ஆம் நூற்றாண்டில் நிலக்கரித் தாரிலிருந்து பிரித்தெடுத்த நாப்தலீன் அது. பூச்சியை விரட்டும், ஈரத்தை ஒன்றும் செய்யாது. ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடுள்ள குழந்தையின் சிவப்பணுக்களை உடைத்துவிடும் ஆபத்தும் உண்டு. பிறக்கும் குழந்தைகளுக்கு அந்தக் குறைபாடு இருக்கிறதா என்று சிங்கப்பூர் 1965 முதல் சோதித்துவருகிறது. புதுமணத் தம்பதியின் அலமாரியில் அந்த உருண்டைக்கு வேலையில்லை.

‘டிரை கிளீனிங் கொடுத்தாயிற்றே’ என்பது அடுத்த சமாதானம். அதில் பயன்படும் கரைப்பான் எண்ணெயையும் நெய்யையும் கரைக்கும். பாயசத்தின் சர்க்கரையும் வியர்வை உப்பும் தண்ணீரில் கரைபவை, அந்தக் கரைப்பானுக்கு எளிதில் மசியாதவை. கண்ணுக்குத் தெரியாமல் தங்கும் சர்க்கரை நாளடைவில் பழுப்பேறும். பூஞ்சணத்துக்கும் அதுவே விருந்து. எந்த இடத்தில் என்ன சிந்தியது என்று கடைக்காரரிடம் சொல்லிக் கொடுப்பது, எந்த ‘சிறப்புப் பாதுகாப்புப் பெட்டி’யையும்விடப் பயன் தரும்.

புடவையை ஏ.சி. இல்லாத அறையில், பழைய பருத்தி வேட்டியில் சுற்றி வையுங்கள். வீட்டுக்குள்ளேயே குண்டுப் புகலிடமாகக் கட்டி, நாம் சாமான் போட்டு வைக்கும் காங்கிரீட் அறை வேண்டாம். புடவைக்குத் தேவை காற்றோட்டம். சில மாதங்களுக்கு ஒருமுறை, மழை பெய்யாத நாளில், நேர்வெயில் படாத இடத்தில் பிரித்து ஆறவிட்டு, மடிப்பை மாற்றி மடியுங்கள். விடியற்காலையில் அல்ல, பிற்பகல் 2 மணிக்கு. ராகு காலமாக இருந்தாலும் பரவாயில்லை, பிரியுங்கள்.