கதிர் நமக்கு... தட்டை யாருக்கு?

புதுச்சேரி கடற்கரையில் மாலை காற்று வாங்கப் போனால், எலுமிச்சையும் மிளகாய்ப்பொடியும் தேய்த்த சுட்ட மக்காச்சோளம் மணக்கும். நாம் கதிரைப் பார்த்துத்தான் வாங்குகிறோம். பத்து கிலோமீட்டர் தள்ளி வில்லியனூர் பக்கம் கறவை மாடு வைத்திருப்பவருக்கோ, அந்தச் செடி முழுக்கவே முக்கியம்.

புதுச்சேரி வறண்ட ஊர் இல்லைதான். ஆனால் மழையில் பெரும்பங்கு அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். சித்திரை வெயிலில் கொட்டிலில் மிஞ்சுவது வைக்கோல். அது வயிற்றை நிரப்பும், பாலைக் கூட்டாது.

சோளம் விதைக்கலாமே என்பீர்கள். விதைக்கிறார்கள். ஆனால் தண்ணீரில்லாமல் வாடிய இளஞ்சோளத்தில் சயனைடு வகை நச்சு சேரும். பூக்கும் முன் அதை மேய்ந்த மாடு செத்தே போகலாம். மக்காச்சோளத்தில் அந்தப் பயம் இல்லை. (யூரியாவை அள்ளிப் போட்டு, பயிரையும் காயவிட்டால் நைட்ரேட் சேரும் என்பது வேறு கதை.)

நம் நாட்டில் தீவன மக்காச்சோளம் என்றாலே முதலில் வரும் பெயர் ‘ஆப்பிரிக்கன் டால்’. பெயருக்கேற்ற உயரம். ஹெக்டேருக்கு 40 கிலோ விதை. கதிர் பால் பிடிக்கும் பருவத்தில், சுமார் 60 நாளில் அறுப்பு. இது வீரிய ஒட்டு அல்ல. சுற்றி 200 மீட்டருக்குள் வேறு மக்காச்சோளம் இல்லாவிட்டால், விதையை நாமே எடுத்து வைக்கலாம்.

பிறகு ஒட்டு ரகம் எதற்கு?

மக்காச்சோளத்தின் பலவீனம் பூக்கும் நாளில் இருக்கிறது. ஆண் பூ உச்சியில். பெண் பூ கதிரில், பட்டு நூலாக. ஈரம் போதாவிட்டால் நூல் தாமதமாக வெளியே வரும். அதற்குள் மகரந்தம் உதிர்ந்துவிடும். விளைவு, பொக்கைக் கதிர். தீவனம்தானே, மணி எதற்கு என்று விட முடியாது. ஊறுகாய்ப்புல் போடும்போது அதன் சத்தில் பெரும்பங்கு மணியிலிருந்துதான் வருகிறது.

மெக்சிகோவிலுள்ள சிமிட் ஆராய்ச்சி மையம் 1975-ல் இதற்கு ஒரு வழி பிடித்தது. மழையே இல்லாத குளிர்காலத்தில் பயிரிட்டு, வேண்டுமென்றே தண்ணீரை நிறுத்தி, அப்போதும் நூலும் மகரந்தமும் ஒன்றுசேர வரும் குடும்பங்களைப் பொறுக்கி எடுத்தார்கள். பல சுற்றுகள் இப்படியே நடந்தது. இன்று ஹைதராபாத்திலும் அந்த மையத்துக்கு அலுவலகம் உண்டு.

தீவன ஒட்டுக்கு இதுவும் போதாது. கதிர் முற்றும்போதும் இலை பச்சையாக நிற்க வேண்டும். உயரமாக வளர்ந்தும் காற்றில் சாயக்கூடாது. ஒரே செடியில் இத்தனையும் கேட்பது பேராசைதான். அதனால்தான் ஆறேழு தலைமுறை தன் மகரந்தத்தையே சேர்த்து நிலைப்படுத்திய இரண்டு வழிகளைக் கலக்கிறார்கள். முதல் விளைச்சல் சீராக வரும். அதன் மணியை விதைத்தால் குட்டையும் நெட்டையுமாகப் போய்விடும். ஆக, ஒவ்வொரு போகத்துக்கும் விதைக்குக் காசு. இரண்டு மாடு, பத்து சென்ட் நிலம் உள்ளவருக்கு அந்தக் கணக்கு உறுத்தும். அவருக்கு ஆப்பிரிக்கன் டாலே போதும் என்பது என் எண்ணம்.

தை பிறந்ததும் மண்ணில் மிச்சமிருக்கும் ஈரத்தில் விதைத்தால், பங்குனியில் அறுக்கலாம். பொடியாக நறுக்கி, பிளாஸ்டிக் டிரம்மில் காற்றுப் புகாமல் மிதித்து மூடினால், அக்கினி நட்சத்திரத்தில் திறக்கலாம். மணம் புளிப்பாக இருந்தால் பக்குவம். பூஞ்சணம் பிடித்த பகுதியை மாட்டுக்குப் போடாதீர்கள்.