ஒரே நாளில் மூன்று ஆண்டுகள் வந்த சுழற்காற்று

பிறந்த மண்ணின் மழையும் காற்றும் நமக்கு இளமையிலேயே பழகியவை. ஆடிக் காற்றையும் ஐப்பசி அடைமழையையும் எவரும் நமக்கு ஏட்டிலிருந்து கற்பிக்கவில்லை. குடிபெயர்ந்து வந்த ஊரின் வானமோ அத்தகையதன்று. அதனைப் புதிதாகக் கற்றாக வேண்டும். இவ்வுண்மையைப் பெருவிலை கொடுத்து அறிந்த ஒரு நாட்டுப்புறத்தின் வரலாற்றை இவ்விதழில் நம் குடும்பங்களுக்கு எடுத்துரைக்க விழைகின்றோம்.

அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் ரூக்ஸ் கவுண்டி என்றொரு வட்டாரம் உண்டு. உள்நாட்டுப் போரில் உயிர்நீத்த சாதாரணப் படைவீரர் ஒருவரின் பெயரைத் தாங்கியது அது. 1862-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, நிலத்தில் குடியேறி உழுவோருக்கு 160 ஏக்கர் வரை வழங்க முன்வந்தது. அதனை நம்பிக் குடியானவர்கள் பலர் அச்சமவெளிக்கு வந்தனர். மரம் அரிதான புல்வெளி, ஆதலின் புல்வேரோடு மண்ணைக் கட்டிகளாக வெட்டி அடுக்கி வீடு அமைத்தனர், கோதுமை விளைத்தனர். அந்த நிலத்தின் காற்றை அவர்கள் அறிந்தது பின்னரே.

அவ்வட்டாரத்துச் சிற்றூர் கோடெல். 1916-ஆம் ஆண்டு மே மாதம் 20-ஆம் நாள் அதன் அருகே ஒரு சுழற்காற்று கடந்து சென்றது. 1917-இல் அதே மே 20-இல் மற்றொன்று வந்து, ஊரை விட்டு விலகிச் சென்றது. 1918-இலும் அதே நாள். இம்முறை இருட்டிய பின் வந்த காற்று ஊருக்குள்ளேயே புகுந்தது. பள்ளிக்கூடம் உட்படப் பல கட்டடங்கள் தரைமட்டமாயின; உயிர்களும் பறிபோயின. அடுத்த ஆண்டு மே 20 பிறந்தபோது அவ்வூரார் நெஞ்சு எவ்வாறு துடித்திருக்கும் என்பதை நாம் ஊகிக்கலாம். 1919-இல் அந்நாளில் சுழற்காற்று வரவில்லை.

இதனைத் தெய்வக் குற்றம் என்போரும் உளர். காரணம் வானிலேயே இருக்கிறது. தெற்கே மெக்சிகோ வளைகுடாவிலிருந்து ஈரமான வெப்பக் காற்று வருகிறது. மேற்கே ராக்கி மலைகளைத் தாண்டி வறண்ட காற்று வருகிறது. உயரே செல்லச் செல்லக் காற்றின் வேகமும் திசையும் மாறும்போது இடிமேகம் முழுவதுமே சுழலத் தொடங்குகிறது. அம்மேகத்திலிருந்தே டொர்னேடோ என்னும் சுழற்காற்று தரையைத் தொடுகிறது. கான்சஸில் இந்நிலை மிகுதியாகக் கூடுவது மே மாதத்தில். பருவம் அம்மாதத்தைக் குறித்தது; ஒரே தேதி அமைந்தது தற்செயல்.

அன்று அம்மக்களுக்கு முன்னெச்சரிக்கை இல்லை. பீதி பரவும் என்றஞ்சி, 1880-களிலிருந்து நெடுங்காலம் அந்நாட்டு வானிலைத் துறை தன் அறிக்கைகளில் டொர்னேடோ என்ற சொல்லையே தவிர்த்து வந்தது. 1948 மார்ச் 25-இல் ஓக்லஹோமாவின் டிங்கர் விமானப்படைத் தளத்தில் ஃபாபுஷ், மில்லர் என்ற அதிகாரிகள் இருவர் முன்கூட்டியே கணித்துச் சொன்னது பலித்தது. ஆயினும் செய்தி மக்களைச் சேர வேண்டுமன்றோ! 1955 மே 25 இரவு அதே கான்சஸின் உடால் சிற்றூரை உறக்கத்தில் தாக்கிய காற்று எழுபதுக்கு மேற்பட்டோரைக் கொன்றது. 2007 மே 4-இல் கிரீன்ஸ்பர்க் ஊர் ஏறத்தாழ முழுவதும் அழிந்தது; எனினும் எச்சரிக்கை முன்னரே கிடைத்ததால் பெரும்பாலோர் நிலவறைகளில் ஒதுங்கிப் பிழைத்தனர். வீடுகள் போயின, மக்கள் எஞ்சினர், ஊர் மீண்டும் எழுந்தது.

இஃது அயல்நாட்டுக் கதை என்று வங்கத்திலும் தில்லியிலும் வாழும் நம்மவர் எண்ண வேண்டா. 1978 மார்ச் 17-இல் வட தில்லியில் இத்தகைய காற்று 28 பேரை மாய்த்தது. 1989 ஏப்ரல் 26-இல் வங்கதேசத்து மாணிக்கஞ்ச் மாவட்டத்தில் ஏறத்தாழ 1,300 பேர் மாண்டனர். உலகில் பதிவான சுழற்காற்றுகளுள் மிகுந்த உயிர்ச்சேதம் விளைத்தது அதுவே. மார்ச் முதல் மே வரை மாலை வேளைகளில் வங்கத்தில் வீசும் கால்பைசாகி இடிப்புயலை நாம் அறிவோம். கோடை வெம்மையைத் தணிக்கும் அதே மேகம், சிற்சில வேளை இக்கொடிய உருவையும் எடுக்கிறது.

நம் இல்லங்களில் நிலவறை இல்லை. ஆயினும் செய்யத்தக்கவை உள. வானிலைத் துறை சில மணி நேரத்திற்கு முன் வெளியிடும் இடிமழை எச்சரிக்கையை அசட்டை செய்யலாகாது. காற்று மூண்டால் தகரக் கொட்டகையையும் மரத்தடியையும் விட்டு நீங்குக. உறுதியான கட்டடத்தின் கீழ்த்தளத்தில், சன்னல் இல்லாத உள்ளறையில் தலையைக் காத்து அமர்க. பள்ளி செல்லும் சிறுவர்க்கும், அண்மையில் ஊரிலிருந்து வந்து சேர்ந்த முதியவர்க்கும் இதனை இப்போதே சொல்லி வைப்பது நன்று. வந்த ஊரின் மொழியைக் கற்பதுபோல் அதன் வானத்தையும் கற்பது குடியேறியோர் கடமையாகும்.