பேட்டரி புதுசு, சார்ஜ் ஏன் ஏறவில்லை?

களியக்காவிளை தாண்டி பாறசாலை, நெய்யாற்றின்கரை ஊர்வழிகளில் பழைய ஸ்பிளெண்டர்களுக்கு மழைக்காலத்தில் ஹாரன் கம்மும். ஹெட்லைட் பளிச்சென்று எரிகிறதே என்று நம்பாதீர்கள். இவற்றில் அது பேட்டரியைத் தொடாமல், இன்ஜினில் மின்சாரம் உண்டாக்கும் காயிலிலிருந்தே எரிகிறது.

மல்டிமீட்டரை பேட்டரி முனைகளில் வையுங்கள். நிற்கும்போது 12.6 வோல்ட் என்றால் முழு சார்ஜ். ஸ்டார்ட் செய்து ஆக்ஸிலேட்டரை முறுக்கினால் 14-ஐ ஒட்டி ஏற வேண்டும். பேட்டரியைவிட அழுத்தம் கூடினால்தான் மின்சாரம் உள்ளே பாயும்.

ஏறவில்லையா? முதலில் எர்த் ஒயர். சேஸிஸில் அதைப் பிடித்திருக்கும் போல்ட்டை கழற்றினால் ஒயர் முனை பச்சை பூத்திருக்கும். அந்தப் படலம் மின்சாரத்தை மறிக்கிறது. உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து இறுக்குங்கள். பல வண்டிகளுக்கு இதுவே போதும். அதற்குப் பிறகும் ஏறாவிட்டால்தான் ரெக்டிஃபையரையும் காயிலையும் சந்தேகப்பட வேண்டும். 15 வோல்ட்டைத் தாண்டினாலோ, ரெகுலேட்டரை உடனே மாற்றுங்கள். பேட்டரி கொதித்து வற்றிவிடும்.