செய்து காட்டச் சொன்னீர்களா?



எங்கள் குழந்தைகள் வார்டில் தாய்மாருக்கு ஒரு சிறு பாடம் நடத்துவது வழக்கம். வயிற்றுப்போக்கு கண்ட பிள்ளைக்கு உப்பு சர்க்கரைக் கரைசல் எப்படிக் கலப்பது என்பதே அந்தப் பாடம். “இது தெரியுமாம்மா?” என்று கேட்டால், அநேகமாக எல்லாரும் “தெரியும் சிஸ்டர்” என்றுதான் சொல்வார்கள். “சரி, கலந்து காட்டுங்கள்” என்றவுடன்தான் விஷயம் வெளியே வரும். ஒரு தாய் உப்பைக் கைப்பிடியாக அள்ளுவார். இன்னொருவர் ஒரு லிட்டருக்கென்று அச்சடித்திருக்கும் பாக்கெட்டை ஒரு டம்ளர் தண்ணீரில் கொட்டிவிடுவார். இரண்டுமே ஆபத்து. உப்பு மிஞ்சினால் பிள்ளை இன்னும் வாடிப்போகும், வலிப்புகூட வரலாம்.

நர்சிங் பள்ளியில் எங்களுக்கு முதல் வருஷத்திலேயே கற்றுக்கொடுத்தது இதுதான்: ஆசிரியை செய்து காட்டினால் பாதிப் பாடம், மாணவி திரும்பச் செய்து காட்டினால்தான் முழுப் பாடம். படுக்கை விரிப்பதிலிருந்து ஊசி போடுவதுவரை அப்படித்தான் பழகினோம். ஆனால் வார்டில் இத்தனை கண்டிப்பாக இருக்கும் நான், என் வீட்டில் இதை மறந்துபோனேன் என்பதை வெட்கத்தோடு ஒத்துக்கொள்கிறேன்.

2009-ல் என் மகனுக்கு ஒன்பது வயது. அடுப்புப் பக்கமே அவனை விட்டதில்லை. “நீ போய்ப் படி, அம்மா பார்த்துக்கொள்கிறேன்” என்பதுதான் என் வாயில் எப்போதும் வரும் பேச்சு. ஞாயிறு பள்ளியில் மனப்பாட வசனங்களுக்குப் பரிசு வாங்குவான். அதில் எனக்கு உள்ளூரப் பெருமையும் உண்டு. ஒரு நாள் எனக்கு இரவு டியூட்டி. பாட்டிக்கு ஜுரம். பாட்டிக்கு வெந்நீர் வைத்துக் கொடுக்க வேண்டுமென்று அவனுக்குத் தோன்றியிருக்கிறது, நல்ல எண்ணம்தானே! பாத்திரத்தை எதைக்கொண்டு பிடிப்பது, எந்தப் பக்கம் சாய்ப்பது என்று யாரும் சொல்லித்தராத பிள்ளை, வெறும் பனியன் துணியால் பிடித்து இறக்கப் போய், தொடையில் கொட்டிக்கொண்டான். பக்கத்து வீட்டார் பதறி ஓடிவந்து, பற்பசை முழுவதையும் பிதுக்கி அப்பிவிட்டார்கள். அதைக் கழுவி எடுக்கும்போது அவன் அலறிய அலறல் இன்றும் என் காதில் இருக்கிறது. எத்தனையோ தாய்மாருக்குத் தீக்காயத்தைப் பற்றிச் சொல்லிக்கொடுத்த எனக்கு, என் சொந்தப் பிள்ளைக்கு ஒரு வார்த்தை சொல்ல நேரமில்லாமல் போயிருந்தது.

ஆகவே முதலில் அதையே எழுதிவிடுகிறேன். வெந்நீரோ நெருப்போ பட்டால், சாதாரணக் குழாய்த் தண்ணீரை இருபது நிமிஷம் அதன்மேல் விடவேண்டும். ஐஸ் வேண்டாம். பற்பசை, மை, மஞ்சள், மாவு எதுவும் வேண்டாம். வளையல், மோதிரம், கொலுசு இருந்தால் வீங்குவதற்குமுன் கழற்றிவிட வேண்டும். பிறகு சுத்தமான துணியால் தளர்வாக மூடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவர வேண்டும். எட்டு வயதுப் பிள்ளைக்கு இது புரியும். ஒரு சனிக்கிழமை காலையில், கையில் சிவப்பு மை தொட்டு வைத்து, “இது சுட்ட இடம், என்ன செய்வாய்?” என்று கேட்டு, குழாயடிக்கு ஓடச் சொல்லுங்கள். இருபது நிமிஷம் என்பது எவ்வளவு நீளம் என்று பிள்ளைக்கு மட்டுமல்ல, உங்களுக்கும் அன்று தெரியும்.

நம்முடைய சபைக் குடும்பங்களில் குடும்ப ஜெபம் இருக்கிறது, வேதபாடம் இருக்கிறது, டியூஷன் இருக்கிறது. கைவேலை மட்டும் எங்கேயோ நழுவிவிட்டது. அதை ‘உலகக் காரியம்’ என்று ஒதுக்குகிறவர்களும் உண்டு. வேதாகமத்தில் அப்படி ஒரு பிரிவை நான் காணவில்லை. சாமுவேல் பிள்ளையாண்டான் தேவசத்தத்தைக் கேட்ட இரவு முடிந்ததும், காலையில் எழுந்து ஆலயக் கதவுகளைத் திறந்தான். அது அவனுக்குக் கொடுக்கப்பட்டிருந்த வேலை. தாவீது யுத்தகளத்துக்குப் போனது, தகப்பன் கட்டிக்கொடுத்த சாப்பாட்டை அண்ணன்மாரிடம் சேர்ப்பிக்கத்தான். காமாலியேலின் பாதத்தருகே படித்த பவுல் கூடாரம் பண்ணுகிற தொழிலையும் அறிந்திருந்தார்; கொரிந்துவில் அந்தத் தொழில்தான் அவருக்குச் சோறு போட்டது. பழைய யூத ரபீமார் தகப்பனுடைய கடமைகளை எண்ணிச் சொல்லும்போது, வேதத்தைக் கற்பிப்பதோடு ஒரு தொழிலைக் கற்பிப்பதையும் சேர்த்தார்கள். சிலர் இன்னொன்றையும் கூட்டினார்கள்: நீந்தக் கற்பிக்க வேண்டும் என்று. கிணறும் குளமும் ஏரியும் நிறைந்த நம்முடைய ஊர்களில், கோடை விடுமுறையில் நடக்கும் சாவுகளைப் பார்க்கிற எங்களுக்கு அந்த ரபீமாரின் ஞானம் நன்றாய்ப் புரிகிறது. நீந்தத் தெரிந்த ஒரு மாமாவோ சித்தப்பாவோ எல்லாக் குடும்பத்திலும் இருப்பார். அவரிடம் ஒப்படைக்க விடுமுறையைவிட நல்ல சமயம் ஏது?

எப்படிக் கற்றுக்கொடுப்பது? முதலில் நீங்கள் செய்யும்போது பிள்ளை பார்க்கட்டும். பிறகு இருவரும் சேர்ந்து செய்யுங்கள். அதன்பின் பிள்ளை செய்யட்டும், நீங்கள் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நில்லுங்கள். கடைசியாகத்தான் தனியே விடவேண்டும். நம்மில் பெரும்பாலோர் தவறுவது அந்த மூன்றாவது படியில்தான். பிள்ளை வெங்காயத்தைக் கோணலாக நறுக்குகிறது, பத்து நிமிஷ வேலைக்கு அரைமணி ஆகிறது, பள்ளிக்கூட வண்டி வந்துவிடும். “கொடு இங்கே” என்று கத்தியைப் பிடுங்கிவிடுகிறோம். ஆகவே அவசரமான காலை வேளையில் கற்றுக்கொடுக்காதீர்கள். சனிக்கிழமை மாலையை அதற்கென்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாதத்துக்கு ஒரே ஒரு வேலை போதும்.

கேஸ் அடுப்பைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கு, நீங்கள் அருகில் இருக்கும்போது, அடுப்பைப் பற்றவைக்கவும் அணைக்கவும் ரெகுலேட்டரை மூடவும் பழக்குங்கள். கேஸ் வாடை வந்தால் மின்சார சுவிட்சைத் தொடக்கூடாது. போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னல்களைத் திறந்து, வெளியே வந்துதான் போன் செய்ய வேண்டும். கேஸ் கசிவுக்கு 1906, ஆம்புலன்சுக்கு 108. எண் தெரிந்தால் மட்டும் போதாது. வீட்டு முகவரியையும் பக்கத்தில் உள்ள அடையாளத்தையும் பிள்ளை நிதானமாகச் சொல்லத் தெரிய வேண்டும். நீங்களே ஆம்புலன்ஸ்காரர்போல் கேள்வி கேட்டுப் பழக்குங்கள். “எங்க வீடுதான், சர்ச்சுக்குப் பின்னாடி” என்று சொல்கிற பிள்ளைகள் எத்தனை பேர்!

மண்ணெண்ணெய், பூச்சிமருந்து, பினாயில் இவற்றைக் குளிர்பானப் பாட்டிலில் ஊற்றி வைக்கும் பழக்கத்தைப் பெரியவர்களாகிய நாம்தான் விடவேண்டும். தம்பி தங்கை தவறிக் குடித்துவிட்டால், வாயில் விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்கக்கூடாது என்று மூத்த பிள்ளைக்குச் சொல்லி வையுங்கள். மண்ணெண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கிவிட்டால் பெரும் தீங்கு. நாய் கடித்தால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிஷம் கழுவிவிட்டு, அன்றே ஊசிக்கு வரவேண்டும். அடிக்குப் பயந்து நாய்க்கடியை மறைக்கும் பிள்ளைகள் உண்டு. ‘எது நடந்தாலும் அப்பாவிடம் சொல்லலாம்’ என்கிற தைரியத்தையும் நாம்தான் பிள்ளைக்குக் கொடுக்க வேண்டும்.

“ஆண்பிள்ளைக்குச் சமையல்கட்டில் என்ன வேலை?” என்று கேட்கும் பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. உயிர்த்தெழுந்த ஆண்டவர் திபேரியா கடற்கரையில் கரிநெருப்புப் போட்டு மீன் வைத்து, இரவெல்லாம் உழைத்துக் களைத்த சீஷர்களைக் காலைச் சாப்பாட்டுக்கு அழைத்தார். அதற்குமேல் நான் வாதாட வேண்டியதில்லை. ஹாஸ்டலுக்குப் போகும் மகனுக்கு ஒரு கஞ்சி வைக்கவும், சட்டை துவைக்கவும், மாதப் பணத்தை எழுதிச் செலவழிக்கவும், காய்ச்சல் இரண்டு நாளுக்குமேல் நீடித்தால் டாக்டரிடம் போகவும் தெரிந்திருக்க வேண்டும். மகளுக்கும் அதேதான். அவளுக்கு இவற்றோடு பல்பு மாட்டவும், வங்கிச் சீட்டு நிரப்பவும் கற்றுக்கொடுத்தால் இன்னும் நல்லது.

பிள்ளைகள் தங்களுக்காக மட்டும் கற்றுக்கொள்வதில்லை. 1950-களில் நைஜீரியாவின் இலேஷா நகரிலிருந்த மெதடிஸ்ட் மிஷன் மருத்துவமனையில் பணிசெய்த டாக்டர் டேவிட் மோர்லி என்பவர், வீடுகளில் கைக்குழந்தையைச் சுமப்பதும் பார்த்துக்கொள்வதும் பெரும்பாலும் அக்காவும் அண்ணனுமே என்பதை நன்கு அறிந்தவர். 1979-ம் ஆண்டு சர்வதேசக் குழந்தைகள் ஆண்டாகக் கொண்டாடப்பட இருந்த சமயத்தில், கல்வியாளர் ஹியூ ஹாஸ் என்பவரோடு சேர்ந்து லண்டனில் ஒரு திட்டத்தைத் தொடங்கினார். பிள்ளைகளுக்குச் சுகாதாரம் கற்பித்து, அவர்கள் மூலமாகத் தம்பி தங்கைகளையும் வீட்டாரையும் காப்பதே அதன் நோக்கம். இரு முனையிலும் குழியுள்ள பிளாஸ்டிக் கரண்டி ஒன்றையும் அவர் பிரபலமாக்கினார். பெரிய குழி சர்க்கரைக்கு, சின்னக் குழி உப்புக்கு.

அந்தக் கரண்டி எங்களிடம் இல்லை. சாதாரண டீஸ்பூன்தான் இருக்கிறது. ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீருக்குத் தலைதட்டி ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. பாக்கெட் கிடைத்தால் பாக்கெட்டே மேல். கலந்ததை ஒரு நாளைக்குமேல் வைக்கக்கூடாது. குழந்தை கண் செருகிப் படுத்தாலோ, குடிக்க மறுத்தாலோ, மலத்தில் இரத்தம் போனாலோ உடனே ஆஸ்பத்திரி.

சில வாரங்களுக்குமுன் வார்டில் நடந்ததைச் சொல்கிறேன். வழக்கம்போல ஒரு தாயிடம் கலந்து காட்டச் சொன்னேன். அவர் உப்பைக் கையால் அள்ளப் போனார். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த அவருடைய மூத்த பெண், பத்து வயதிருக்கும், “அம்மா, ஸ்பூன்ல” என்றாள். முந்தின நாள் பக்கத்துக் கட்டிலில் நான் சொல்லிக்கொடுத்ததைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். ஸ்பூனை அவளிடமே கொடுத்தேன். கத்தியின் முதுகால் தலைதட்டி, எண்ணி எண்ணிப் போட்டு, கலக்கி, முதலில் தானே ஒரு மிடறு குடித்துப் பார்த்தாள். “கண்ணீரைவிட உப்புக் கரிக்கக் கூடாதுன்னு சொன்னீங்கல்ல சிஸ்டர்” என்றாள். அவள் கலந்த ஜக்கு, கடந்த ஆண்டு உங்கள் காணிக்கையில் வார்டுக்கு வாங்கிய ஒரு லிட்டர் ஜக்குகளில் ஒன்று. அவர்கள் வீட்டுக்குப் போகும்போது அதைக் கொடுத்தனுப்பிவிட்டோம்.