குளிர் மலையில் ஒரு நச்சுப் பட்டறை

மலையகத்தில் போதை என்று பேச்செடுத்தால் நம் நினைவுக்கு முதலில் வருவது கசிப்புத்தான். சம்பள நாள் மாலையில் லயத்துக் கோடியில் அது விற்கப்படுவதும், மறுநாள் காலையில் பிள்ளைகள் வெறும் வயிற்றோடு பள்ளிக்கூடம் போவதும் நமக்குப் பழகிப்போன காட்சிகள். ஆனால் 2025 செப்டெம்பர் மாத ஆரம்பத்தில் நுவரெலியாவிலிருந்து வந்த செய்தி வேறு வகையானது. அங்கு வாடகைக்கு எடுக்கப்பட்ட ஒரு வீட்டில் 'ஐஸ்' எனும் போதைப்பொருளைத் தயாரிக்க ஏற்பாடு செய்யப்பட்டிருந்ததாகப் பொலிஸார் அறிவித்தனர். போதைப்பொருள் வெளியிலிருந்து மலைக்கு ஏறி வருகிறது என்றே இதுவரை எண்ணியிருந்தோம். அதை மலையிலேயே செய்து கீழே இறக்கவும் ஆட்கள் துணிந்தார்கள் என்பது நம்மைச் சிந்திக்க வைக்க வேண்டும்.

நடந்தது என்ன?

2025 பெப்ரவரி 19 ஆம் திகதி கொழும்பு புதுக்கடை நீதிமன்றத்துக்குள்ளேயே கணேமுல்ல சஞ்சீவ சுட்டுக் கொல்லப்பட்டார். அக்கொலையோடு சம்பந்தப்படுத்தித் தேடப்பட்டவர்களில் ஒருவர் கெஹெல்பத்தர பத்மே. அவரும் கூட்டாளிகள் சிலரும் ஓகஸ்ட் மாத இறுதியில் இந்தோனேசியத் தலைநகர் ஜகார்த்தாவில் கைதாகி, இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டனர். விசாரணையில் கிடைத்த தகவல்களைத் தொடர்ந்தே நுவரெலியா வீடு வெளிச்சத்துக்கு வந்தது.

சில நாட்களின் பின் தெற்கே, அம்பாந்தோட்டை மாவட்டத்தின் மித்தெனிய பகுதியில், ஏறத்தாழ 50,000 கிலோகிராம் இரசாயனப் பொருள் நிலத்தில் கொட்டிப் புதைக்கப்பட்டிருந்தது கண்டுபிடிக்கப்பட்டது. அதன் மாதிரிகளைப் பரிசோதித்த தேசிய அபாயகர ஒளடதங்கள் கட்டுப்பாட்டுச் சபை, ஐஸ் தயாரிப்புக்குப் பயன்படும் பொருட்கள் அதில் இருப்பதாகத் தெரிவித்தது. இது தொடர்பாகப் பொலிஸாரால் தேடப்பட்ட சம்பத் மனம்பேரி, பொதுஜன பெரமுன கட்சியின் உள்ளூர் அரசியல்வாதி. கட்சி அவருடைய உறுப்புரிமையை இடைநிறுத்தியது. செப்டெம்பர் 17 ஆம் திகதி அவர் வலஸ்முல்ல நீதவான் நீதிமன்றத்தில் சரணடைந்தார். யார் குற்றவாளி என்பதைத் தீர்மானிக்க வேண்டியது நீதிமன்றம். அந்தத் தீர்ப்பை நாம் எழுதப் போவதில்லை. ஆனால் கேள்வி கேட்பதற்குத் தீர்ப்பு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

ஐஸ் எப்படிப்பட்டது?

கஞ்சாவுக்கும் அபினுக்கும் செடி வேண்டும், நிலம் வேண்டும், மழை வேண்டும். ஐஸுக்கு இவை எதுவும் தேவையில்லை. அது முழுக்க முழுக்க இரசாயனத்தால் ஆனது. மெத்தம்பெட்டமைன் என்ற இப்பொருளை 1893 இல் ஜப்பானிய விஞ்ஞானி ஒருவர் முதலில் உருவாக்கினார். இரண்டாம் உலகப் போரில் படைவீரர் தூங்காமல் இருப்பதற்கு இதை மாத்திரையாகக் கொடுத்தார்கள். இன்று அதே பொருள் இளைஞர்களின் தூக்கத்தையும் பசியையும் பறித்து, சந்தேகத்தையும் மூர்க்கத்தையும் வளர்த்து, சில மாதங்களிலேயே ஆளை உருக்குலைத்து விடுகிறது.

இன்னொரு தீமையும் உண்டு. ஐஸ் செய்யும் இடத்தில் எடுக்கும் சரக்கைவிடப் பல மடங்கு நச்சுக்கழிவு மிஞ்சும். உலகின் பல நாடுகளில் இத்தகைய பட்டறைகளின் கழிவை ஓடையிலும் மண்ணிலும் ஊற்றிவிட்டுப் போயிருக்கிறார்கள். நுவரெலியாவிலிருந்து இறங்கும் நானுஓயா, கொத்மலை ஓயாவில் சேர்ந்து மகாவலிக்குப் போகிறது. பீலித் தண்ணீரையும் ஓடையையும் நம்பி வாழும் தோட்ட மக்களுக்கு, மலை உச்சியில் இப்படியொரு பட்டறை என்பது எங்கோ நடக்கும் பாதாள உலகச் செய்தி அல்ல. அது குடிக்கும் தண்ணீரின் பிரச்சினை.

திறந்து கிடந்த வாசல்கள்

இந்தப் பொருள் எத்தனை வாசல்களைக் கடந்து வந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். முதலாவது துறைமுகம். இரசாயனம் கொள்கலன்களில் வந்ததாகப் பொலிஸார் கூறினர். 2025 ஜனவரியில் 323 கொள்கலன்கள் நேரடிப் பரிசோதனை இன்றி விடுவிக்கப்பட்டமை ஏற்கெனவே பெரும் சர்ச்சையாகியிருந்தது. இந்த இரசாயனமும் அவற்றோடு வந்ததா என்ற கேள்வியை எதிர்க்கட்சியினர் எழுப்பினார்கள். அரசாங்கம் அதை மறுத்தது. இரண்டாவது வாசல் பாதை. மூன்றாவது, வீட்டை வாடகைக்கு விடும் இடம். நான்காவது, அரசியல் செல்வாக்கு என்னும் வாசல். இந்த நான்கில் ஒன்றாவது சரியாக மூடியிருந்தால் சரக்கு அங்கேயே நின்றிருக்கும்.

காவல் காக்க வேண்டியவர்களே கைமாறிய கதையும் நமக்குப் புதிதல்ல. 2020 இல் பொலிஸ் போதைப்பொருள் ஒழிப்புப் பணியகத்தைச் சேர்ந்த உத்தியோகத்தர்களே, கைப்பற்றிய ஹெரோயினைக் கடத்தல்காரருக்கு விற்றதாகக் குற்றஞ்சாட்டப்பட்டுக் கைதானார்கள். வேலியே பயிரை மேய்ந்தால் யாரிடம் போய் முறையிடுவது?

சட்டம் இல்லை என்று சொல்ல முடியாது. 2022 ஆம் ஆண்டின் 41 ஆம் இலக்கச் சட்டத் திருத்தத்தின்படி, 5 கிராமோ அதற்கு மேலோ ஐஸ் வைத்திருப்பவருக்கு மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை வரை விதிக்கலாம். ஆனாலும் சிறைக்குப் போய்ப் பாருங்கள். தண்டனை பெற்றோரில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் போதைப்பொருள் வழக்குகளில் வந்தவர்கள். அவர்களில் பெரும்பாலோர் அபராதம் கட்ட வழியில்லாத ஏழைகள். கொள்கலனில் வருவது பெரியவருக்குப் பணம். பொட்டலத்தில் போவது சின்னவனுக்குச் சிறை.

நாம் செய்யக்கூடியது

2025 ஒக்டோபர் 30 ஆம் திகதி அரசாங்கம் 'முழு நாடும் ஒன்றாக' என்ற பெயரில் போதைப்பொருளுக்கு எதிரான தேசிய இயக்கத்தை ஆரம்பித்தது. நல்ல முயற்சிதான். ஆனால் மேடையில் தொடங்கியது லயத்து வாசல்வரை வந்தால்தான் பயன் உண்டு.

நுவரெலியாவில் ஏப்ரல் சீசனுக்கும் அதற்குப் பிறகும் வாடகைக்கு விடப்படும் வீடுகளில் தோட்டக்காரராக, சமையற்காரராக, காவற்காரராக வேலை செய்பவர்கள் பெரும்பாலும் நம் பிள்ளைகளே. ஜன்னல்கள் எந்நேரமும் மூடிக்கிடப்பதும், மூக்கை அரிக்கும் மருந்து நெடி வீசுவதும், இரவில் மட்டும் பீப்பாய்கள் இறங்குவதும் அவர்களுடைய கண்ணில்தான் முதலில் படும். தனியாகப் போய் விசாரிப்பது ஆபத்து. பார்த்ததைத் தமக்குள் புதைத்து வைக்காமல், நம்பிக்கையான ஒருவரிடமோ, சங்கத்திடமோ சொல்ல அவர்களுக்குத் துணிவு வேண்டும். அந்தத் துணிவு தனிமனிதனுக்கு வராது. பின்னால் ஊர் நின்றால்தான் வரும்.

கசிப்பு விற்பவனுக்கு யார் துணை என்று தோட்டம் முழுவதற்கும் தெரியும். ஆனால் யாரும் வாய் திறப்பதில்லை. நுவரெலியா வீடும் அதே மௌனத்தின் மேல் கட்டப்பட்டதுதான், அளவுதான் பெரிது. ஆகவே மாதர் சங்கங்களும் இளைஞர் மன்றங்களும் இந்த விடயத்தை அடுத்த கூட்டத்திலேயே எடுத்துப் பேசட்டும். போதைக்கு அடிமையான பிள்ளையை ஒளித்து வைக்காமல் 1927 என்ற இலக்கத்துக்கு அழைத்து ஆலோசனை கேளுங்கள். இலஞ்சம் கேட்கும் அதிகாரியைப் பற்றி 1954 இல் முறையிடலாம். வாக்குக் கேட்டு வருகிறவர் எந்தக் கட்சிக்காரராயினும், அவருடைய பணம் எங்கிருந்து வந்தது என்று ஒரு தடவையாவது கேளுங்கள். கேட்க வேண்டியவர்கள் கேட்காமல் விட்டதால் திறந்து கிடந்த வாசலை, நாம் கேட்கும் கேள்விதான் மூட வேண்டும்.