முகாமுக்குப் போகிறீர்களா? முதுகுக்குப் பாரம் வேண்டாம்!



கோடை விடுமுறையில் சாரணர் முகாம், பசுமைப் படை முகாம் என்று பெயர் கொடுத்திருக்கிறீர்களா? ரொம்ப சந்தோஷம்! ஆனால், கொண்டுவர வேண்டிய பொருட்களின் பட்டியலில் 'ஸ்லீப்பிங் பேக்' என்று பார்த்ததும் சிலருக்கு முகம் வாடிவிடும். 'இதை வாங்கித் தரும்படி அப்பாவிடம் எப்படிக் கேட்பது?' என்று முகாமுக்கே போகாமல் நின்றுவிடுவோரும் உண்டு. அப்படி யாரும் நின்றுவிடக் கூடாது!

முதலில் ஒரு கேள்வி. ஸ்லீப்பிங் பேக் சூடு தருமா? தராது! உங்கள் உடம்புதான் அடுப்பு. பையினுள் இருக்கும் பஞ்சு போன்ற இழைகளுக்கு நடுவே காற்று சிக்கிக்கொள்கிறது. அசையாத காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. அதனால் உடம்புச் சூடு வெளியே போகாமல் நிற்கிறது. கம்பளியின் ரகசியமும் இதுவே. அப்படியானால், வெப்பமான ஊரில் தடித்த பைக்குள் படுத்தால்? வியர்வையில் குளிக்க வேண்டியதுதான்!

ஆகவே, முகாம் நடக்கும் இடத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். உயரம் 1,000 மீட்டர் கூடினால், வெப்பநிலை சுமார் 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். சமவெளியில் இரவில் 27 டிகிரி என்றால், சுமார் 1,100 மீட்டர் உயரமுள்ள ஏலகிரியில் ஏறத்தாழ 20 டிகிரி. 2,200 மீட்டருக்கு மேல் உள்ள ஊட்டியில் ஏறத்தாழ 13 டிகிரி. கணக்குப் பாடம் எங்கெல்லாம் உதவுகிறது பார்த்தீர்களா?

சமவெளி முகாமுக்குக் கடைக்கே போக வேண்டாம். பழைய எட்டு முழ வேட்டி ஒன்று போதும்! அதை நான்கு முழமாக மடியுங்கள். மடிப்பு, கால் பக்கம். ஒரு பக்கத்தை முழுவதும், மறுபக்கத்தைப் பாதிவரையும் தைத்தால் பை தயார்! பருத்தித் துணி வியர்வையை உறிஞ்சும். துவைத்தால் சீக்கிரம் காயும். ஏலகிரி போன்ற இடத்துக்கு இதோடு ஒரு போர்வையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கடையில் வாங்குவதாக இருந்தால் இவற்றைக் கவனியுங்கள்:

* சில பைகளில் 'கம்ஃபர்ட்', 'லிமிட்', 'எக்ஸ்ட்ரீம்' என மூன்று வெப்பநிலைகள் இருக்கும். 'கம்ஃபர்ட்' எண்ணையே பாருங்கள். 'எக்ஸ்ட்ரீம்' என்பது உயிர் தப்புவதற்கான அளவு. நிம்மதியாகத் தூங்குவதற்கு அல்ல! மிதமான இடங்களுக்கு 'கம்ஃபர்ட்' 10 முதல் 15 டிகிரி வரை போதும்.

* வாத்து இறகு நிரப்பியவை விலை அதிகம். நனைந்தால் குளிரைத் தாங்காது. பாலியஸ்டர் இழைப் பை மலிவு.

* மம்மி வடிவத்தைவிடச் செவ்வகப் பை நல்லது. ஜிப்பை முழுவதும் திறந்தால் போர்வையாகிவிடும். ஜிப்பைப் பத்து முறை இழுத்துப் பாருங்கள்.

* எடை ஒரு கிலோவுக்குள் இருக்கட்டும். பள்ளிப் பை நம் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது என்கிறது 2020-ஆம் ஆண்டின் பள்ளிப் பைக் கொள்கை. 40 கிலோ எடையுள்ள மாணவருக்கு 4 கிலோ. முகாம் பைக்கும் இதே கணக்கை வைத்தால், படுக்கைக்கே கால் பங்கு போய்விடுகிறதே!

எந்தப் பையானாலும் கீழே பாய் அவசியம். உடம்பின் பாரத்தில் பையின் அடிப்பக்கம் நசுங்கிவிடும். அங்கே காற்று நிற்காது. படுக்கும் முன் பையை நன்றாக உதறுங்கள். பூச்சி, தேள் புகுந்திருக்கலாம். பாலியஸ்டர் தீப்பொறி பட்டால் உருகும். கேம்ப்ஃபயர் பக்கம் கொண்டு போகாதீர்கள்.

முகாமுக்கு முன்பே ஒருநாள் இரவு, வீட்டுப் பெரியவர்கள் துணையோடு மொட்டை மாடியில் அந்தப் பைக்குள் படுத்துப் பாருங்கள். நன்றாகத் தூக்கம் வந்ததா? அப்படியே சுருட்டிக் கட்டிக்கொண்டு கிளம்புங்கள், முகாமுக்கு!