ப்ளஸ் டூ மார்க் குறைந்தவர்களுக்கு எந்தக் கல்லூரி?

மே மாதம் ப்ளஸ் டூ ரிசல்ட் வந்ததும் வடசென்னை யானைக்கவுனியில் எந்தத் தெருவுக்குப் போனாலும் ஒரே விசாரிப்புதான்: "மொத்தம் எவ்ளோப்பா?" அறுநூறுக்கு 540 என்றால் அக்கம்பக்கத்துக்கு ஸ்வீட் போகும். 480 என்றால் பிள்ளை இரண்டு நாளைக்கு வெளியே தலைகாட்டாது. பொறியியல் படிக்க நினைக்கும் பிள்ளையிடம் இந்த மொத்தத்தைக் கேட்பதில் அர்த்தமே இல்லை.

தமிழ்நாட்டுப் பொறியியல் கவுன்சலிங்கில் தரவரிசை 200க்குப் போடப்படுகிறது. இதைத்தான் கட்ஆஃப் என்கிறார்கள். கணிதம் 100க்கு அப்படியே வரும். இயற்பியலையும் வேதியியலையும் பாதியாக்கி ஐம்பது ஐம்பதுக்குச் சேர்ப்பார்கள். தமிழ், ஆங்கிலம், கம்ப்யூட்டர் சயின்ஸ் இந்தக் கூட்டலில் வருவதில்லை. ஒரு பையன் தமிழில் 62, ஆங்கிலத்தில் 58, கம்ப்யூட்டரில் 80, கணிதத்தில் 96, இயற்பியலில் 92, வேதியியலில் 94 வாங்குகிறான் என்று வையுங்கள். மொத்தம் 482, கட்ஆஃப் 189. மொழிப் பாடங்களிலும் கம்ப்யூட்டரிலும் 95க்கு மேல் வாங்கி, கணிதத்தில் 80, இயற்பியலில் 84, வேதியியலில் 86 எடுத்த பெண்ணின் மொத்தம் 539 ஆகலாம். அவளுடைய கட்ஆஃப் 165தான். ஸ்வீட் பாக்ஸ் அவள் வீட்டில், நல்ல கல்லூரி அவனுக்கு. ஆகவே ரிசல்ட் வந்ததும் முதல் வேலையாகக் கட்ஆஃபைப் போட்டுப் பாருங்கள். அழுவதாக இருந்தால் அதற்குப் பிறகு அழலாம்.

கட்ஆஃபும் குறைவு என்றால், அடுத்துப் பார்க்க வேண்டியது பிள்ளை படித்த பள்ளி. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. மருத்துவத்தில் 2020இல் வந்தது. மறு ஆண்டு பொறியியலுக்கும் வந்தது. இவர்களுக்குத் தனித் தரவரிசை. கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. மாநகராட்சிப் பள்ளியும் இதில் அரசுப் பள்ளிதான். அரசு உதவிபெறும் பள்ளி சேராது. வடசென்னையில் உதவிபெறும் பள்ளிகள் நிறைய என்பதால் பல குடும்பங்கள் இங்கேதான் ஏமாறுகின்றன. இது எனக்கு நியாயமாகப் படவில்லை. மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளையும் உதவிபெறும் பள்ளிப் பிள்ளையும் பெரும்பாலும் ஒரே தெருவில், ஒரே மாதிரி வீட்டில் இருப்பவர்கள்தான்.

இதுவரை சொன்னது மார்க்கை வைத்தே சேர்க்கிற இடங்கள். நாட்டிலேயே போட்டி அதிகமான கல்லூரிகள் பலவற்றில் ப்ளஸ் டூ மார்க் உள்ளே நுழைவதற்கான தகுதி மட்டும்தான். ஐ.ஐ.டி.யில் பி.டெக். சேர, ப்ளஸ் டூவில் 75 சதவீதம் இருக்க வேண்டும், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 65. அந்தச் சதவீதம் இல்லாவிட்டாலும், தன் போர்டில் முதல் 20 பர்சன்டைலுக்குள் வந்திருந்தால் போதும். அதற்கு மேல் இடத்தை முடிவு செய்வது ஜே.இ.இ. தேர்வுதான். 76 சதவீதக்காரரும் 98 சதவீதக்காரரும் அங்கே சமம். சிறுசேரியில் இருக்கும் சென்னைக் கணிதக் கழகம் தன் நுழைவுத்தேர்வை நம்புகிறது. கணிதத்தில் பித்துப்பிடித்த, மற்ற பாடங்களில் சுமாரான பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமான இடம் சென்னையில் கிடையாது.

டெல்லிப் பல்கலைக்கழகத்தின் கதை இன்னும் விசேஷம். 2021இல் அங்கே ஸ்ரீராம் வணிகவியல் கல்லூரி பி.காம். ஆனர்ஸுக்கு 100 சதவீதம் கேட்டது. ஒரு மார்க் குறைந்தாலும் முதல் பட்டியலில் இடமில்லை. அடுத்த ஆண்டே 'கியூட்' என்ற பொது நுழைவுத்தேர்வு வந்தது. அதன்பின் அங்கே ப்ளஸ் டூவில் தேர்ச்சி இருந்தால் போதும், தரவரிசை கியூட் மார்க்கில். திருவாரூரில் உள்ள தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகத்துக்கும் அதே தேர்வுதான். அதைத் தமிழிலும் எழுதலாம்.

ஆனால் இந்தத் தேர்வுகளுக்கெல்லாம் ரிசல்ட் வருவதற்கு முன்பே விண்ணப்பித்துவிட வேண்டும். ஜே.இ.இ. மெயினுக்கு முந்தைய ஆண்டின் கடைசி மாதங்களில், கியூட்டுக்கு ஆண்டின் தொடக்க மாதங்களில். மார்க் குறைந்துவிட்டதே என்று மே மாதம் தேட ஆரம்பிப்பவருக்கு, மார்க்கைப் பெரிதாகப் பார்க்காத கல்லூரிகள் அந்த ஆண்டுக்கு இல்லாமல் போயிருக்கும். வசதியான பள்ளிகளில் இதை டிசம்பரிலேயே சொல்லி, ஃபார்மையும் நிரப்ப வைத்துவிடுகிறார்கள். வால்டாக்ஸ் சாலையில் மூட்டை தூக்குகிறவரின் மகளுக்கு இதை யார் சொல்வது? அறிவில் இல்லை வித்தியாசம். தகவல் எந்த மாதம் வந்து சேர்கிறது என்பதில்தான்.

மே மாதத்துக்குப் பிறகும் திறந்திருக்கும் வழிகள் உண்டு. சென்னை ஐ.ஐ.டி. 2020இல் தொடங்கிய டேட்டா சயின்ஸ் பி.எஸ். படிப்புக்கு ஜே.இ.இ. வேண்டாம். நான்கு வாரம் அவர்கள் பாடத்தையே படித்து, அதில் நடக்கும் தகுதித் தேர்வில் தேறினால் சேரலாம். ஆண்டுக்கு மூன்று முறை சேர்க்கை. வகுப்பு ஆன்லைனில், பரீட்சை நேரில். குடும்ப வருமானத்தையும் சமூகப் பிரிவையும் பார்த்துக் கட்டணச் சலுகையும் தருகிறார்கள். இது பி.டெக். அல்ல, கிண்டி வளாகத்து ஹாஸ்டல் வாழ்க்கையும் கிடைக்காது; சேர்வதைவிட முடிப்பது கஷ்டம். ஆனாலும் ஊர்பேர் தெரியாத ஒரு தனியார் கல்லூரிக்கு லட்சங்களைக் கடன் வாங்கிக் கொட்டுவதற்கு முன் இதை யோசிக்கலாம்.

இன்னொரு வழி பாலிடெக்னிக். புரசைவாக்கத்திலேயே அரசு பாலிடெக்னிக் இருக்கிறது. பத்தாவது முடித்து மூன்று வருட டிப்ளமோ, பிறகு 'லேட்டரல் என்ட்ரி'யில் நேராக பி.இ. இரண்டாம் ஆண்டு. கணக்குப் போட்டால் மொத்தம் ஆறு வருடம். ப்ளஸ் டூ வழியாகப் போனாலும் அதே ஆறு வருடம்தான். ப்ளஸ் டூ முடித்த பிறகு டிப்ளமோ இரண்டாம் ஆண்டில் சேர்ந்தால் ஒரு வருடம் கூடும். அந்த ஒரு வருடத்துக்குப் பலனாக, பழைய மார்க் போய் டிப்ளமோ மார்க் உங்கள் கணக்காகிறது. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்திலும் இப்படித்தான்: உள்ளூர் சமூகக் கல்லூரியில் இரண்டு வருடம் நன்றாகப் படித்தவர் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கு மாறும்போது பள்ளிக்கூட மார்க்கைப் பார்ப்பதில்லை.

பட்டத்துக்குப் பிறகும் வாய்ப்பு வரும். வியாசர்பாடி அம்பேத்கர் கலைக் கல்லூரியிலோ வண்ணாரப்பேட்டை தியாகராயா கல்லூரியிலோ பி.எஸ்சி. முடித்து, 'ஜாம்' தேர்வு எழுதி ஐ.ஐ.டி.யில் எம்.எஸ்சி. சேரலாம். ப்ளஸ் டூவை அங்கே யாரும் கிளற மாட்டார்கள். ஐ.ஐ.எம். மட்டும் விதிவிலக்கு, அகமதாபாத் போன்ற இடங்களில் நேர்காணலுக்குக் கூப்பிடும் முன் பத்தாவது, பன்னிரண்டாவது மார்க்கையும் எடைபோடுகிறார்கள்.

இந்தப் பேச்சு வந்தாலே யாராவது ராமானுஜன் பெயரை எடுப்பார்கள். அவரும் நம் பக்கத்து ஆள்தான். பச்சையப்பன் கல்லூரியில் படித்து எஃப்.ஏ. தேர்வில் தோற்றவர், 1912 மார்ச்சில் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தாவாகச் சேர்ந்தார்; அப்போது குடியிருந்தது ஜார்ஜ் டவுன் சைவ முத்தையா முதலி தெரு, யானைக்கவுனியிலிருந்து நடந்தே போகலாம். 1913இல் சென்னைப் பல்கலைக்கழகம் பட்டம் இல்லாத அவருக்கு மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை தந்தது. மறு ஆண்டு கேம்பிரிட்ஜ். மேதை என்பதால் எல்லாம் தானாக நடந்துவிட்டது என்று நினைப்பது தவறு. 1911இலேயே அவருடைய கட்டுரை இந்தியக் கணிதச் சங்கத்தின் இதழில் அச்சாகியிருந்தது. அலுவலகத்தில் நாராயண ஐயரும் துறைமுகத் தலைவர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கும் அவருக்காகப் பேசினார்கள். வானிலைத் துறையின் கில்பர்ட் வாக்கர் நோட்டுகளைப் பார்த்துப் பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் எழுதினார். இன்றைய ஆன்லைன் கவுன்சலிங்கில் நோட்டைப் புரட்டிப் பார்க்க ஆள் இல்லை. அந்த வேலையை இப்போது நுழைவுத்தேர்வு செய்கிறது.

பன்னிரண்டாம் வகுப்பில் பிள்ளை இருக்கும் வீட்டுக்காரர்களே, அரையாண்டுத் தேர்வு வரை காத்திருக்காதீர்கள். ஆதார், சாதிச் சான்று, வருமானச் சான்று மூன்றையும் அக்டோபருக்குள் இ-சேவை மையத்தில் வாங்கி வைத்துவிட்டு, ஜே.இ.இ., கியூட் விண்ணப்பம் எப்போது தொடங்குகிறது என்று வகுப்பாசிரியரிடம் கேளுங்கள்.